நடவும் விதைப்பும்: கார்பன் நானோகுழாய்மீது பாலிமர் சங்கிலி ஏற்றும் இரு வழிகள்

ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்த் தூளை எந்தக் கரைப்பானில் போட்டாலும் எளிதில் பிரிந்து கலப்பதில்லை. தண்ணீர் அதை ஏற்பதே இல்லை. டொலுயீனில் போட்டு மீயொலிக் கருவியில் அதிரவைத்தால் சற்று நேரம் கறுப்பாகக் கலங்கி நிற்கும். பிறகு கட்டிகட்டியாக அடியில் படிந்துவிடும். காரணம், குழாய்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடி. பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு குழாய்களைப் பிரிக்க, ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்குச் சுமார் 500 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஒரு கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை அறுக்க 4 எலக்ட்ரான் வோல்ட்கூடத் தேவையில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இந்த ஈர்ப்பு மிகமிக மெல்லியது. குழாயின் நீளம் முழுக்கச் சேரும்போது நூற்றுக்கும் மேற்பட்ட பிணைப்புகளுக்கு ஈடாகிவிடுகிறது. அதனால்தான் இவை தனியாக இருப்பதே இல்லை. எப்போதும் கற்றையாகவே கிடக்கின்றன.

இவ்வளவு பிடிவாதமான பொருளை எதற்காகப் பிரிக்க வேண்டும்? ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் சுமியோ இஜிமா 1991இல் கார்பன் நானோகுழாய்களின் அமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு விவரித்தபின், அவற்றின் இயந்திரப் பண்புகளை அளக்கும் முயற்சிகள் தொடங்கின. மீள்தன்மைக் குணகம் ஒரு டெராபாஸ்கலை ஒட்டி வந்தது. எஃகினுடையதைப் போல ஐந்து மடங்கு. ராட்னி ரூவோஃபின் குழு 2000இல் பலசுவர்க் குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்து அறுத்துப் பார்த்தது. வெளிச்சுவரின் இழுவலிமை 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் வரை இருந்தது. இந்த வலிமையில் ஒரு பங்கையேனும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பது பொருளறிவியலாரின் ஆசை. ஆனால் கற்றையாகக் கிடக்கும் குழாயைப் பிளாஸ்டிக்கில் கலந்தால், இழுக்கும்போது குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருவிக்கொள்கின்றன. பளு குழாய்க்குள் ஏறுவதே இல்லை. குழாயின் மேற்பரப்பில் பாலிமர் சங்கிலிகளை வேதிப்பிணைப்பால் ஏற்றிவிட்டால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். சங்கிலிகள் பக்கத்துக் குழாயை நெருங்கவிடா; சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொண்டு பளுவையும் கடத்தும்.

ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பாலிமர் சங்கிலியைத் தனிக் குடுவையில் முழுதாக வளர்த்து, அதன் ஒரு முனையில் வினைபுரியும் ஒரு தொகுதியை வைத்து, அந்த முனையைக் குழாயின் சுவரில் பொருத்துகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இதன் பெயர் 'கிராஃப்டிங் டு'. இரண்டாவது வழியில், வினையைத் துவக்கும் சிறு மூலக்கூறுகளைக் குழாய்ச் சுவரில் முதலில் பதித்துவிட்டு, மோனோமரை ஊற்றுகிறார்கள். சங்கிலிகள் சுவரிலிருந்தே ஒவ்வோர் அலகாக நீள்கின்றன. இது 'கிராஃப்டிங் ஃப்ரம்'. நாற்றங்காலில் வளர்ந்த பயிரைப் பிடுங்கி வயலில் நடுவதற்கும், வயலிலேயே நேரடியாக விதைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆகவே இக்கட்டுரையில் முதலாவதை நடவு என்றும் இரண்டாவதை விதைப்பு என்றும் சொல்கிறேன்.

விதைப்பில் சங்கிலிகள் நெருக்கமாக வளர்கின்றன, நடவில் அரிதாகவே ஒட்டுகின்றன, ஆகவே விதைப்பே மேல் என்று பாடநூல்கள் முடித்துவிடுவதுண்டு. இந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நெருக்கம் ஓர் அளவு. அதைத் தரம் என்று எடுத்துக்கொண்டதில்தான் பல ஒப்பீடுகள் தடம் புரள்கின்றன.

ஒப்பிடுவதற்குமுன் ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும். எந்த வழியானாலும் முதலில் குழாயில் ஒரு பிடிமானம் தேவை. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழு 1998இல் குழாய்களை அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த கரைசலில் மீயொலியோடு வைத்தது. குழாய்கள் 100 முதல் 300 நானோமீட்டர் வரை நீளமுள்ள துண்டுகளாயின. வெட்டுண்ட முனைகளில் கார்பாக்சில் தொகுதிகள் முளைத்தன. அதே ஆண்டில் ராபர்ட் ஹாடனின் குழு அந்தத் தொகுதிகளைத் தயோனைல் குளோரைடால் தூண்டி, நீண்ட ஆல்கைல் வால் கொண்ட அமீனைக் கோத்துக் குழாய்களைக் கரைத்துக் காட்டியது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சன் குழு 2000இல் அதே கார்பாக்சில் பிடிமானத்தில் அமீன் கொண்ட ஒரு பாலிமரை ஏற்றியது. பின்னால் வந்த நடவுகளிலும் விதைப்புகளிலும் பெரும்பகுதி இந்த அமிலப் பாதையில்தான் நடந்திருக்கிறது.

அமிலம் குழாயை நறுக்குகிறது. சுவரில் ஓட்டை போடுகிறது. கூட்டுப்பொருளில் பளு ஏற வேண்டுமானால் குழாய் நீளமாக இருக்க வேண்டும். அந்த நீளத்தைத் தொடக்கத்திலேயே இழந்துவிட்டு, பிறகு கிடைத்த பலவீனத்தை நடவின் தலையிலோ விதைப்பின் தலையிலோ கட்டுவது நியாயமில்லை. அமிலமில்லாத பிடிமானங்களும் இருக்கின்றன. ரைஸில் ஜேம்ஸ் டூர் குழு 2001 முதல் வளர்த்தெடுத்த டையசோனியம் வினை அவற்றுள் முக்கியமானது. அது சுவரை நறுக்காமல், சுவர்க் கார்பனிலேயே ஒரு பென்சீன் வளையத்தைப் பொருத்துகிறது. இதற்கும் விலை உண்டு. சுவரின் ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டைக் கார்பன்களோடு பிணைந்து, நான்காவது எலக்ட்ரானைக் குழாய் முழுவதற்கும் பொதுவான எலக்ட்ரான் மேகத்தில் விட்டுவைத்திருக்கிறது. ஒரு தொகுதியை ஒட்டினால் அந்த இடத்தில் மேகம் கிழிகிறது. ராமன் நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 1350 என்ற அலையெண் அருகே உள்ள ஒழுங்கின்மைப் பட்டை உயர்வதும், ஒளி உட்கவர்தலில் குழாய்க்கே உரிய கூர்முகடுகள் மழுங்குவதும் இதன் அடையாளங்கள். ஆகவே எத்தனை பிடிமானம் என்பதே ஒரு செலவுக் கணக்கு.

நடவுக்கு நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் அட்ரோனோவ் குழு 2005இல் செய்த வேலை. டையசோனியம் வழியில் ஒற்றைச்சுவர்க் குழாயில் ஆல்கைன் முனைகளைப் பதித்தார்கள். தனியே, முனையில் அசைடு கொண்ட பாலிஸ்டைரீனைத் தயாரித்தார்கள். பிறகு தாமிர வினையூக்கி கொண்டு இரண்டையும் 'கிளிக்' வினையால் கோத்தார்கள். பாரி ஷார்ப்லெஸ், மார்ட்டன் மெல்டால், கரோலின் பெர்ட்டோசி ஆகியோருக்கு 2022இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வேதியியல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். விளைபொருளின் எடையில் 45 சதவீதம் பாலிமர். சங்கிலியின் மூலக்கூறு எடையைப் பொறுத்து, 200 முதல் 700 கார்பனுக்கு ஒரு சங்கிலி வீதம் ஏறியிருந்தது.

இந்த எண்களை இன்னும் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம். இனி வரும் கணக்கு என்னுடையது. 200 கார்பனின் எடை 2400. பாலிமர் 45 சதவீதம் என்றால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சங்கிலியின் மூலக்கூறு எடை சுமார் 2000. 700 கார்பனுக்கு அதே கணக்கைப் போட்டால் சுமார் 7000. கார்பன் சுவரில் ஒரு சதுர நானோமீட்டருக்கு 38 அணுக்கள் இருக்கின்றன. ஆகவே சிறிய சங்கிலிக்குக் கிடைத்த இடம் சுமார் 5 சதுர நானோமீட்டர். பெரியதற்குச் சுமார் 18. இனிச் சங்கிலிகளின் சொந்த அளவைப் பார்ப்போம். பாலிமர்ச் சங்கிலி கரைசலில் நேராக நிற்பதில்லை, சுருண்டு ஒரு பந்தாகிறது. அளவான கரைப்பானில் 2000 எடையுள்ள பாலிஸ்டைரீன் பந்தின் ஆரம், அதாவது சுழல் ஆரம், சுமார் 1.2 நானோமீட்டர். 7000 எடைக்கு 2.3. அந்த ஆரங்கள் வரையும் வட்டங்களின் பரப்பு முறையே ஏறத்தாழ 5, 17 சதுர நானோமீட்டர்.

கிடைத்த இடமும் பந்தின் நிழலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன. நட்ட சங்கிலிகள் ஒவ்வொன்றும் தன் நிழலளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததன் நிழல் தொடும் இடத்தில் நடவு தானாக நின்றுவிட்டிருக்கிறது. பாலிமர் இயற்பியலார் இதைக் காளான் நிலை என்கிறார்கள். அதற்குமேல் ஒரு சங்கிலியை நுழைக்க வேண்டுமானால், ஏற்கெனவே இருப்பவை விலகி நீண்டு வழிவிட வேண்டும். வருகிற சங்கிலியும் தன் சுருளை அவிழ்த்துக்கொண்டு முனையைச் சுவர்வரை கொண்டுசேர்க்க வேண்டும். சுருள் அவிழ்வது என்ட்ரோபிக்கு இழப்பு. வினைக்கு வேகம் குறைவதால் மட்டும் நடவு நிற்பதில்லை; இடமே மறுக்கப்படுவதால் நிற்கிறது.

இதிலிருந்து வேறொன்றும் கிடைக்கிறது. பந்தின் நிழற்பரப்பு மூலக்கூறு எடைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. சங்கிலி இரட்டிப்பானால் நிழலும் இரட்டிப்பாகும், சங்கிலிகளின் எண்ணிக்கை பாதியாகும், மொத்தப் பாலிமர் எடை மாறாது. 50,000 எடையுள்ள பாலிஸ்டைரீனுக்குக் கணக்குப் போட்டால் நிழல் 120 சதுர நானோமீட்டர். ஏறக்குறைய 4600 கார்பனுக்கு ஒரு சங்கிலி. எடையில் அப்போதும் பாதியை ஒட்டித்தான் பாலிமர். ஒற்றைச்சுவர்க் குழாயில் முனைவழி நடவுக்கு இயற்கையே போட்ட உச்சவரம்பு இது என்று நினைக்கிறேன். இது தட்டையான பரப்புக்கு உரிய கணக்கு என்பதை மறக்கவில்லை. மெல்லிய குழாயின் வளைவு சங்கிலிகளுக்கு வெளிப்புறமாகக் கூடுதல் இடம் தரும். கற்றையில் புதைந்த சுவர்களோ இடத்தை மறைக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. எண்கள் இவ்வளவு நெருங்கி வந்ததில் தற்செயலும் கொஞ்சம் இருக்கலாம், போக்கு தற்செயலன்று.

விதைப்பில் இந்தத் தடை இல்லை. சுவரை நோக்கி வர வேண்டியது சங்கிலியன்று, சிறிய மோனோமர். வளரும் முனையும் சுவரை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்துச் சங்கிலியோடு இடிபட்டால் இரண்டும் வெளிப்புறமாக நிமிர்கின்றன. 1970களின் பிற்பகுதியில் இயற்பியலாளர்கள் அலெக்சாண்டரும் டி ஜென்னும் கணித்த தூரிகை நிலை இதுவே. ஜப்பானில் ஃபுகுடா, சுஜீ குழுவினர் சிலிக்கான் தகட்டில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டை விதைத்து வளர்த்தபோது ஒரு சதுர நானோமீட்டருக்கு 0.7 சங்கிலிவரை எட்டினார்கள். மேலே பார்த்த 7000 எடைச் சங்கிலியின் நடவு நெருக்கம் 0.06க்கும் குறைவு. பத்து மடங்குக்குமேல் வித்தியாசம்.

இந்த வழியைச் சாத்தியமாக்கியது 1995இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு. அமெரிக்காவின் கார்னிகி மெலனில் கிறிஸ்டோஃப் மத்யாஷெவ்ஸ்கியும், கியோட்டோவில் மிட்சுவோ சவாமோட்டோவும் தனித்தனியே கண்டறிந்த அணுமாற்றத் தனியுறுப்புப் பலபடியாக்கம் அது, சுருக்கமாக ஏடிஆர்பி. தாமிரச் சேர்மம் வளரும் முனையிலிருந்து புரோமினைப் பறிப்பதும் திருப்பித் தருவதுமாக இருப்பதால், எந்த நேரத்திலும் மிகச் சில முனைகளே விழித்திருக்கும். எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே சீராக நீளும். ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகத்தின் ஹாவ் காங், சாவ் காவ், டேயுவே யான் ஆகியோர் 2004இல் இதைப் பலசுவர்க் குழாயில் செய்துகாட்டினார்கள். அமிலத்தில் வதக்கிய குழாயில் கார்பாக்சிலை ஹைட்ராக்சிலாக மாற்றி, அதன்மேல் புரோமின் கொண்ட துவக்கியைப் பதித்து, 60 டிகிரி செல்சியஸில் மெத்தில் மெத்தாக்ரிலேட்டை வளர்த்தார்கள். மோனோமரின் அளவைக் கூட்டிக் குறைத்தே பாலிமர் உறையின் தடிமனைக் கட்டுப்படுத்தினார்கள். முதல் பாலிமரின் முனைகள் உயிரோடு இருந்ததால் அதன்மேல் இரண்டாவது பாலிமரையும் தொடர முடிந்தது. நடவில் இரண்டு கட்டச் சங்கிலியை வெளியிலேயே கட்டிக்கொண்டு வரலாம்தான். ஆனால் சங்கிலி நீள நீள, நிழல் பெருகி, எண்ணிக்கை குறையும்.

அப்படியானால் விதைப்பின் குறை என்ன? வளர்ந்தது எது என்று தெரியாது. நடவில் குடுவையிலிருக்கும் சங்கிலியை நடுவதற்கு முன்பே அளந்துவிடலாம்: சராசரி நீளம் இவ்வளவு, நீளங்களின் பரவல் இவ்வளவு, முனைத்தொகுதி எத்தனை சதவீதம் சரியாக இருக்கிறது. விதைப்பில் இவற்றில் எதையும் நேரடியாக அளக்க வழியில்லை. இரண்டு உபாயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சங்கிலிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள எஸ்டர் பிணைப்பை நீராற்பகுத்து அறுத்து, கழன்ற சங்கிலிகளை அளப்பது. இது நம்பகமானது, மாதிரி அழிந்துபோகும். மற்றொன்று, சுவரில் ஒட்டாத துவக்கியையும் கொஞ்சம் கலந்து வைப்பது. அது கரைசலில் தனிச் சங்கிலிகளை வளர்க்கும். அவற்றை அளந்து, சுவரிலிருப்பவையும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது அனுமானத்தை நான் முழுதாக நம்பத் தயங்குகிறேன். சுவரருகே முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. பக்கத்து முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மடிந்துபோகும் வாய்ப்பு அங்கே அதிகம். தனியுறுப்புகளைத் தானே விழுங்கிக்கொள்ளும் குணமும் நானோகுழாய்க்கு உண்டு. ஒரு குழாயிலுள்ள சங்கிலியின் முனை அடுத்த குழாயிலுள்ள சங்கிலியின் முனையோடு சேர்ந்தால் இரண்டு குழாய்களும் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பிரிப்பதற்காகச் செய்த வேலை கட்டிப்போடுவதில் முடியும். பதித்த துவக்கிகளில் எத்தனை உண்மையில் முளைத்தன என்பதும் அறுத்து எண்ணினால்தான் தெரியும்.

விதைப்புக்கு வேறொரு வடிவமும் உண்டு. அது எனக்குப் பிடித்தமானது. ரென்சலேர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் புலிக்கல் அஜயன் உள்ளிட்ட குழு 2003இல் குழாய்களை செக்-பியூட்டைல் லித்தியத்தோடு வினைபுரியவிட்டது. பியூட்டைல் தொகுதி சுவரில் ஒட்டும்போது சுவருக்கு எதிர்மின் ஏற்றம் வருகிறது. ஒரே ஏற்றம் கொண்ட குழாய்கள் தாமாகவே ஒன்றையொன்று விலக்கிக் கற்றையிலிருந்து பிரிகின்றன. அந்த எதிர்மின் கார்பனே விதை. ஸ்டைரீனை ஊற்றினால் அதிலிருந்து சங்கிலி வளர்கிறது. மிச்சமிருக்கும் பியூட்டைல் லித்தியம் கரைசலிலும் தனிப் பாலிஸ்டைரீனை வளர்ப்பதால், ஒரே குடுவையில் குழாயும் உறையும் சுற்றுப்பொருளும் சேர்ந்து கூட்டுப்பொருளாகவே வெளிவருகின்றன. அமிலம் இல்லை, துவக்கியைத் தனியே தைக்கும் படிகள் இல்லை. ஒரு சொட்டு ஈரம் புகுந்தால் எல்லாம் கெடும் என்பது மட்டும்தான் இடைஞ்சல்.

இரண்டு வழிகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாரன் ஃபோர்டின் குழு 2004இல் அதைச் செய்தது. ஒற்றைச்சுவர்க் குழாய், இரண்டு வழியிலும் பாலிஸ்டைரீன், இரண்டு வழியிலும் ஏடிஆர்பி. நடவுக்கு ஏடிஆர்பியால் வளர்த்த சங்கிலியின் முனைப் புரோமினை அசைடாக மாற்றி, அதை நேராகக் குழாய்ச் சுவரில் சேர்த்தார்கள். விதைப்புக்குக் குழாயில் புரோமோபுரோப்பியனேட் துவக்கியைப் பதித்தார்கள். நாற்றையும் விதையையும் ஒரே வேதியியல் தந்தது என்பதால் இந்த வேலைக்கு நான் அதிக மதிப்பு வைக்கிறேன். ஆனாலும் பிடிமானம் ஒன்றாக இல்லை: ஒன்றில் அசைடு சுவரையே பிடித்தது, மற்றதில் எஸ்டர் வழியாகப் பிடித்தது. எனவே கிடைத்த வேறுபாட்டில் எவ்வளவு வழியால் வந்தது, எவ்வளவு பிடிமானத்தால் வந்தது என்று அறுதியிட்டுப் பிரிக்க முடியாது.

கட்டுரைகளில் வெற்றியின் அடையாளமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது வெப்ப எடையறி ஆய்வின் ஒற்றை எண். நைட்ரஜனில் சூடாக்கினால் 300 முதல் 450 டிகிரிக்குள் பாலிமர் சிதைந்து ஆவியாகும், குழாய் நிற்கும். போன எடையே பாலிமர். இத்தனை சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். மேலே பார்த்தபடி, அதே 45 சதவீதம் 200 கார்பனுக்கு ஒரு சிறு சங்கிலியாகவும் இருக்கலாம், 700க்கு ஒரு பெரிய சங்கிலியாகவும் இருக்கலாம். நெருக்கத்தில் மூன்றரை மடங்கு வித்தியாசத்தை இந்த எண் முழுதாக விழுங்கிவிடும். பலசுவர்க் குழாயில் குழப்பம் இன்னும் பெரிது. வெளி விட்டம் 10 நானோமீட்டர், சுவர்கள் பத்து என்று வைத்துக்கொண்டால், வெளிச்சுவரில் இருக்கும் கார்பன் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான். சங்கிலி ஏறுவது வெளிச்சுவரில் மட்டுமே. எடை கணக்கில் வருவதோ பத்துச் சுவரும். ஒற்றைச்சுவரில் 45 சதவீதம் காட்டிய அதே நெருக்கம் இங்கே 10 சதவீதத்தைத்தான் காட்டும். பலசுவர்க் குழாயில் விதைத்ததையும் ஒற்றைச்சுவரில் நட்டதையும் எடைச் சதவீதத்தால் ஒப்பிடும் அட்டவணைகள் மீள்பார்வைக் கட்டுரைகளில் இடம்பெறும்போது வருத்தமாக இருக்கிறது. பிணைந்த சங்கிலியையும் வெறுமனே படிந்த சங்கிலியையும்கூட இந்த எண் பிரிப்பதில்லை. வினைபுரியும் முனை இல்லாத அதே பாலிமரை அதே குழாயோடு கலந்து, அதே கரைப்பானில் அதே அளவு கழுவி, அதையும் சூடாக்கிக் காட்டியிருக்கிறார்களா என்பதே ஒரு கட்டுரையில் முதலில் தேட வேண்டியது.

எதற்காக ஏற்றுகிறோம் என்ற கேள்விக்கு வந்தால் தராசு சாயும் திசை மாறுகிறது. கூட்டுப்பொருளுக்கு என்றால், சங்கிலி சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு பின்ன வேண்டும். பாலிஸ்டைரீன் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளக் குறைந்தது 17,000 அளவு மூலக்கூறு எடை தேவை. 2000, 7000 எடைச் சங்கிலிகள் எத்தனை நெருக்கமாக இருந்தாலும் குழாயைக் கரைக்கும்; பளுவைக் கடத்தா. நெருக்கமே எதிரியாகும் இடமும் உண்டு. அடர்ந்த தூரிகைக்குள் உருகிய பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் நுழைய முடிவதில்லை. தூரிகையும் சுற்றுப்பொருளும் வேதியியலில் ஒரே பாலிமராக இருந்தாலும் ஒன்றையொன்று நனைக்காமல் ஒதுங்கிக்கொள்கின்றன. வெளியே இருக்கும் சங்கிலி தூரிகைச் சங்கிலியைவிட நீளமாக இருக்கும்போது இது கூர்மையாகத் தெரியும். அப்போது அத்தனை பாடுபட்டு வளர்த்த உறையும் குழாயும் சேர்ந்தே உருவிக்கொண்டு வரும். இங்கே நடவின் 'குறை' என்று சொல்லப்பட்டது நிறையாகிறது. நீண்ட சங்கிலி, அரிதான இடைவெளி, உள்ளே வந்து பின்ன இடம். 4600 கார்பனுக்கு ஒரு பிடிமானம் என்றால் எலக்ட்ரான் மேகத்துக்கும் சேதம் சொற்பம். கூட்டுப்பொருளுக்கு நான் நடவையே தேர்வேன். நீண்ட சங்கிலியை நடுவது கடினம் என்பது உண்மை. முனை சுருளுக்குள் புதைந்திருக்கும். 2000 எடைச் சங்கிலி தரும் அதே எண்ணிக்கை முனைகளை 50,000 எடைச் சங்கிலியிலிருந்து பெற 25 மடங்கு பாலிமரைக் கரைக்க வேண்டும். அந்தச் சிரமம் படத்தக்கது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன், யூரி கன்கோ உள்ளிட்ட குழு 2004இல் செய்த சோதனை இதற்குத் துணை நிற்கிறது. பியூட்டைல் லித்தியத்தால் தூண்டிய பலசுவர்க் குழாயில் குளோரினேற்றிய பாலிபுரொப்பிலீனை ஏற்றினார்கள். குழாயின் பங்கு கன அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இழுவலிமை 13 மெகாபாஸ்கலிலிருந்து 49க்கு உயர்ந்தது. மீள்தன்மைக் குணகம் மூன்று மடங்கானது. கடுமை நான்கு மடங்கானது. பொதுவாக வலிமை கூடினால் கடுமை குறையும். இங்கே இரண்டும் சேர்ந்து ஏறின. இது முனைவழி நடவு அன்று. சங்கிலியின் உடலெங்கும் குளோரின் இருப்பதால் ஒரே சங்கிலி பல இடத்தில் ஒட்டியிருக்கலாம். ஆனாலும் முன்பே முழுதாக வளர்ந்த, சுற்றுப்பொருளோடு ஒத்துப்போகும் நீண்ட சங்கிலி என்பதுதான் இதன் பலம்.

தண்ணீரில் நிலையாக நிற்க வேண்டும், சுவரை முழுதாக மூடிவிட வேண்டும், உலோக அயனிகளையோ மருந்தையோ உறைக்குள் நிறைய ஏற்ற வேண்டும் என்றால் விதைப்புக்கு ஈடு இல்லை. மின்னேற்றமுள்ள அலகுகளால் ஆன அடர்ந்த தூரிகை, உப்புநீரிலும் குழாய்களை விலக்கி வைக்கும். இத்தகைய வேலையில் சங்கிலியின் துல்லியமான நீளம் பெரிதன்று. இடைவெளி இல்லாத உறைதான் முக்கியம். மின்கடத்தலோ ஒளியுமிழ்வோ காக்கப்பட வேண்டிய இடத்தில் இரண்டையும் விட்டுவிட்டு, பிணைப்பே இல்லாமல் பாலிமரைக் குழாயைச் சுற்றிப் படியவைக்கும் மூன்றாம் வழிக்குப் போவதே சரி. ஸ்மாலியின் குழு 2001இல் பாலிவினைல் பிரோலிடோனைச் சுற்றியும், டூபாண்ட் ஆய்வாளர்கள் 2003இல் டிஎன்ஏவைச் சுற்றியும் அதைச் செய்திருக்கிறார்கள். அது தனியே பேச வேண்டிய பொருள்.

நடவையும் விதைப்பையும் உண்மையிலேயே எதிரெதிரே நிறுத்தும் ஒரு சோதனையை நான் வேண்டி நிற்கிறேன். அதற்குப் புதிய வேதியியல் எதுவும் தேவையில்லை. ஒரே தொகுப்புக் குழாயில், ஒரே டையசோனியம் பிடிமானத்தை, ஒரே எண்ணிக்கையில் பதிக்க வேண்டும். பாதியில் துவக்கியைக் கோத்து எஸ்டர் வழியாகச் சங்கிலியை வளர்க்க வேண்டும். அதில் ஒரு பங்கை நீராற்பகுத்து அறுத்து, நீளத்தையும் பரவலையும் எண்ணிக்கையையும் அளக்க வேண்டும். பிறகு அதே நீளமும் அதே பரவலும் கொண்ட சங்கிலியைக் குடுவையில் வளர்த்து, மறுபாதிக் குழாயில் நட வேண்டும். நட்டதிலும் அறுத்து எண்ண வேண்டும். கடைசியாக இரண்டையும் ஒரே பாலிஸ்டைரீனில், முதலில் சுற்றுப்பொருளின் சங்கிலி குட்டையாகவும் பிறகு நீளமாகவும் இருக்க, கலந்து இழுத்துப் பார்க்க வேண்டும். குட்டையான சுற்றுப்பொருளில் விதைத்த குழாய் முந்தும், நீண்டதில் நட்ட குழாய் முந்தும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வராவிட்டால், தட்டைப் பரப்புக்கு எழுதிய தூரிகைக் கணக்கை ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள குழாய்க்கு அப்படியே எடுத்து வைத்தது தவறு என்றாகும். வளைவுக்கென்று தனிக் கணக்குப் போட்டாக வேண்டியிருக்கும்.